எழுத்தும் நமதே, படமும் நமதே: படப்புத்தகம் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்கான கதையை எழுதுகிறவரே வரையவும் செய்தால் வேலை பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒரு வரியை வெட்ட யாரையும் கேட்க வேண்டாம், ஒரு படத்தை மாற்ற யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் தேவையில்லாத வரியையும் வீண் படத்தையும் "இது எதற்கு?" என்று கேட்கவும் பக்கத்தில் ஆளில்லை. கீழே வரும் பதில்களில் பாதி அந்த ஆளின் வேலையை நாமே செய்துகொள்வது பற்றியவை. மீதி, பணமும் ஒப்பந்தமும்.

முதலில் எழுதுவதா, வரைவதா?

எதில் தொடங்கினாலும் சரி. சிலருக்குக் கதை வாக்கியமாக வரும், சிலருக்கு ஒரு முகமாக வரும். மீறக் கூடாத விதி ஒன்றே ஒன்று: டம்மி, அதாவது பென்சில் படங்களோடு கையால் செய்யும் மாதிரிப் புத்தகம், முடியும் வரை நிறைவுப் படத்தில் கை வைக்காதீர்கள். மூன்று வாரம் வண்ணம் பூசிய படத்தை, கதைக்கு அது வேண்டாம் என்று தெரிந்த பிறகும் தூக்கி எறிய மனம் வராது. அந்தப் படத்தைக் காப்பாற்றக் கதையை வளைப்போம். இப்படித்தான் பல கதைகளுக்கு நடுவில் தொப்பை விழுகிறது.

எல்லாரும் ஏன் 32 பக்கம் என்கிறார்கள்?

அச்சகக் கணக்கு. ஒரு பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 8 அல்லது 16 பக்கம் கிடைக்கும். அதைத்தான் ஒரு ஃபாரம் என்கிறார்கள். 16 பக்க ஃபாரம் இரண்டு சேர்ந்தால் 32. படப்புத்தகங்கள் 24, 40, 48 பக்கங்களிலும் வருகின்றன. எல்லாமே 8-ன் மடங்குகள். 34 பக்கத்தில்தான் கதை முடியும் என்று அடம்பிடித்தால் 40 பக்கத்துக்கான தாளுக்குச் செலவு செய்ய வேண்டிவரும்.

ஆனால் 32 பக்கமும் கதைக்குக் கிடைக்காது. கெட்டி அட்டையோடு ஒட்டும் தாள் தனியாக வருகிறதென்றால், முதல் பக்கம் தலைப்புக்கு, 2–3 பதிப்பு விவரத்துக்கும் சமர்ப்பணத்துக்கும் போக, 4 முதல் 31 வரை 14 இரட்டைப்பக்கங்களும் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள்) கடைசியில் ஒரு தனிப்பக்கமும் மிஞ்சும். ஒட்டும் தாளும் அதே 32-க்குள் அடக்கம் என்றால் 1-ம் 32-ம் அட்டையோடு ஒட்டிப்போகும். 2–3, 30–31 ஆகியவை உள்ளட்டைத் தாளாகிவிடும். 4–5 தலைப்புக்குப் போகும். கதைக்கு 12 இரட்டைப்பக்கங்களே. இந்த இரண்டில் எது என்று பதிப்பகத்திடம் முதல் நாளே கேளுங்கள். 14-க்குத் திட்டமிட்ட கதையை 12-க்குள் திணிப்பது சேலையைத் தீப்பெட்டிக்குள் மடிக்கிற வேலை.

எத்தனை சொல் எழுதலாம்?

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் புத்தகம் என்றால் ஆங்கிலத்தில் 500 சொற்களுக்குள் என்பது வழக்கம். தமிழில் ஒரே சொல்லில் வேற்றுமையும் காலமும் ஏறி உட்கார்ந்துவிடுவதால் அதே கதைக்கு அதைவிடக் குறைவான சொற்கள் போதும். கைக்குழந்தைகளின் தடித்த அட்டைப் புத்தகத்துக்கு 100 சொல்லே தாராளம். சொல்லே இல்லாத படப்புத்தகமும் உண்டு. அதற்கும் எழுத்தாளர் தேவை என்பதை மறந்துவிடுகிறோம்.

டம்மி எப்படிச் செய்வது?

எட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் 32 பக்கப் புத்தகம் தயார். அதற்கும் முன்னால் ஒரே தாளில் எல்லா இரட்டைப்பக்கங்களையும் தீப்பெட்டி அளவில் வரைந்து பார்க்க வேண்டும். இந்தக் குட்டிப் படங்களில் முகபாவம் எல்லாம் வேண்டாம். எது பெரிது, எது சிறிது, எங்கே கூட்டம், எங்கே வெறுமை, அவ்வளவுதான். தள்ளி நின்று பாருங்கள். தொடர்ந்து நான்கு கட்டங்களில் ஆள் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நின்றால் புத்தகம் தூங்கிவிட்டது என்று பொருள். ஒன்றை மேலிருந்து பாருங்கள், ஒன்றை முகத்துக்கு அருகில் கொண்டுபோங்கள், ஒன்றில் ஆளைச் சுண்டுவிரல் நகமாகச் சுருக்குங்கள்.

பிறகு கதையை அச்செடுத்து, வரிவரியாக வெட்டி, டம்மியில் பசைநாடாவால் ஒட்டுங்கள். பசை வேண்டாம், பிய்த்து இடம் மாற்றப் போகிறீர்கள். பென்சில் கிறுக்கலோடு முழு டம்மியையும் சத்தமாக வாசியுங்கள். அடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் தடுக்கும் இடம் வாக்கியத்தின் குறை. அவர் பக்கத்தைத் திருப்பத் தயங்கும் இடம் அமைப்பின் குறை. மூன்று நான்கு டம்மி தேவைப்படுவது சாதாரணம்.

பக்கம் திருப்புவதில் அப்படி என்ன இருக்கிறது?

படப்புத்தகத்தில் திரைச்சீலை அதுதான். இடமிருந்து வலமாக வாசிக்கும் மொழியில் கண் கடைசியாக நிற்பது வலப்பக்கத்தின் கீழ் மூலையில். கேள்வி அங்கே இருக்க வேண்டும், விடை திருப்பிய பிறகு வர வேண்டும். "கதவைத் திறந்தாள்..." என்ற வரி இடப்பக்கத்திலும், கதவுக்குப் பின்னால் நிற்கும் யானை எதிரே வலப்பக்கத்திலும் இருந்தால் வேலை கெட்டது, குழந்தை முதலில் யானையைத்தான் பார்க்கும்.

திசையும் இதே கணக்குதான். வலப்பக்கம் நோக்கி நடக்கும் பாத்திரம் முன்னேறுவதாகத் தோன்றும்; இடப்பக்கம் நோக்கினால் திரும்பி வருவதாக, அல்லது எதனோடோ மோதுவதாகத் தோன்றும். வீட்டை விட்டுக் கிளம்பும் பையனைக் காரணமின்றி இடப்பக்கமாக நடக்கவிடாதீர்கள்.

படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக்கூடாது என்கிறார்களே, எப்படி வெட்டுவது?

இரட்டை வேலைக்காரரின் முழு லாபமும் இங்கேதான். டம்மியில் ஒவ்வொரு வரியையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். வரியில் இருக்கும் செய்தி அப்படியே படத்தில் தெரிகிறதா? வரியை அடியுங்கள். "சிவப்புச் சட்டை போட்ட மீனா மரத்தடியில் சோகமாக உட்கார்ந்திருந்தாள்" என்பதில் சட்டை, மரம், சோகம் மூன்றும் ஓவியத்தின் வேலை. படத்தால் காட்ட முடியாதவை எழுத்துக்கு: ஒலி, மணம், காலம் ("மூன்று நாளாக"), நினைப்பு, பேச்சு. "மூன்று நாளாக யாரும் அவளைக் கூப்பிடவில்லை" என்று எழுதினால் எழுத்தும் படமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்கின்றன.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டலாம். "நான் எதையும் உடைக்கவில்லை" என்று வரி. படத்தில் பூனையின் வாலுக்குக் கீழே ஜாடிச் சில்லு. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குக்கூட, வாசித்துக் காட்டும் பெரியவரைவிடத் தனக்கு அதிகம் தெரிகிறது என்ற பெருமை கிடைக்கும் இடம் இது. மறுபடி மறுபடி அதே புத்தகத்தைக் கேட்பதற்கு இந்தப் பெருமையும் ஒரு காரணம்.

பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா?

உரையாடலுக்குப் பேச்சு, விவரிப்புக்கு எளிய எழுத்துநடை என்ற கலவை பெரும்பாலான கதைகளுக்குப் பொருந்துகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது சொல்லின் நீளம். "ஓடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்ற ஒரே சொல், 20 பாயின்ட் அளவு எழுத்தில் ஒரு வரியையே விழுங்கிவிடும்; வரியோரத்தில் உடைந்தால் புதிதாக எழுத்துக் கூட்டும் குழந்தை அங்கேயே நின்றுவிடும். சந்தி சேர்ந்த நீளச் சொற்களைப் பிரித்து எழுதுங்கள். வரி எங்கே உடைகிறது என்பதை மென்பொருளிடம் விடாமல் மூச்சு நிற்கும் இடத்தில் நீங்களே உடையுங்கள்.

ஒரே பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் வேறு ஆளாகத் தெரிகிறதே?

நிறைவுப் படத்துக்கு முன் பாத்திரத் தாள் ஒன்று செய்யாததுதான் காரணம். முன்புறம், பக்கவாட்டு, முக்கால் பக்கம், முதுகு ஆகிய நான்கு கோணங்கள், ஆறு முகபாவங்கள், ஓடும்போதும் உட்காரும்போதும் எப்படி, மற்றப் பாத்திரங்களோடு நிற்கவைத்த உயர ஒப்பீடு. முக்கியமானது தலைக்கும் உடலுக்குமான விகிதம். உடல் உயரம் மூன்று தலை என்று முடிவு செய்துவிட்டு ஐந்தாம் படத்தில் நான்கு தலை ஆக்கினால் குழந்தை இரண்டு வயது வளர்ந்துவிடும்.

வண்ணத்துக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். சட்டையின் நீலத்துக்கு எந்த இரண்டு வண்ணம், எவ்வளவு தண்ணீர் என்று பூசிப் பார்த்த பட்டைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மாதங்கள் கழித்து நினைவிலிருந்து அதே நீலம் வராது.

பிறகு பொத்தான்கள். பை எந்தத் தோளில், செருப்பில் எத்தனை வார், ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒரு பட்டியல் சுவரில் தொங்கட்டும். பதிப்பாசிரியரும் அச்சகமும் தவறவிட்ட நான்காவது பொத்தானை ஐந்து வயது வாசகர் விடமாட்டார்.

எந்த அளவில், எந்தத் தாளில் வரைவது?

அச்சாகும் அளவிலோ அதைவிடக் கால்பங்கு பெரிதாகவோ. ரொம்பப் பெரிதாக வரைந்து சுருக்கினால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். சிறிதாக வரைந்து பெரிதாக்கினால் கோடு தடித்து, தாளின் சொரசொரப்பு தோல்வியாதி போலத் தெரியும். எந்த அளவானாலும் எல்லாப் படங்களுக்கும் ஒரே விகிதம் வையுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கத்தில் கோடு தடியாகவும் அடுத்ததில் ஒல்லியாகவும் வரும்.

நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள். அதைவிட மெல்லிய தாளை நனைத்துப் பலகையில் ஒட்டி, இழுத்துக் காயவைத்த பிறகே வரைய வேண்டும். இல்லையென்றால் நெளியும், நெளிந்த தாளை ஸ்கேன் செய்தால் மேடுபள்ளத்தின் நிழலும் சேர்ந்து பதிவாகும்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் மங்கிவிட்டது. ஏன்?

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, ஆர்ஜிபி. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது, சிஎம்ஒய்கே. ஒளிரும் இளஞ்சிவப்பு, பளீர் ஆரஞ்சு, மின்னும் பச்சை ஆகியவற்றை அந்த நான்கு மைகளால் தொட முடியாது. அச்சு, எட்டக்கூடிய மங்கிய உறவினரைத் தேடிப் போட்டுவிடும். கணினியில் வரைபவர்கள் அச்சகத்தின் நிற அமைப்பை வாங்கி, முதல் நாளிலிருந்தே அதன் முன்னோட்டத்தில் பார்த்து வரைவது நல்லது. மினுமினுப்பில்லாத தாளில் மை உறிஞ்சப்படுவதால் இரவுக் காட்சிகள் ஒரு படி இன்னும் இருளும். இருட்டை வரையும்போது கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் வையுங்கள்.

கையால் வரைந்ததை, அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கிடைக்கும்படி ஸ்கேன் செய்ய வேண்டும். சுவரொட்டியாகவோ அட்டையாகவோ பெரிதாக்கும் வாய்ப்பிருந்தால் 600. சாம்பல் இல்லாத சுத்தக் கறுப்புக் கோட்டோவியத்துக்கு 1200. மெல்லிய மஞ்சள் பூச்சுகள் ஸ்கேனில் வெள்ளையாகிவிடும். மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஓரமும் நடுமடிப்பும்?

வெட்டுக்கத்தி ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படிப் போகும். அதனால் நான்கு பக்கமும் 3 மிமீ கூடுதலாகப் படம் ஓட வேண்டும். எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டிலிருந்து 10 மிமீயாவது உள்ளே இருக்க வேண்டும். நடுமடிப்பு இன்னும் ஆபத்தானது. முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் முழுதாக விரியாது, நடுவில் ஒரு கீற்றே மறையும். மூக்கு, கண், கைகோர்த்த விரல்கள், எழுத்து எதுவும் மடிப்பின் இருபக்கமும் 15 மிமீக்குள் வரவேண்டாம். வானமோ புல்லோ அந்த இடத்தைக் கடக்கட்டும்.

எழுத்தைப் படத்துக்குள்ளேயே அழகாகக் கையால் எழுதலாமா?

மொழிபெயர்ப்பு வரவே வராது என்றால் எழுதுங்கள். பல மொழிப் பதிப்புகளைச் சேர்த்து அச்சிடும்போது நான்கு நிற அச்சுத் தட்டுகளில் கறுப்பை மட்டுமே மாற்றுகிறார்கள். உங்கள் எழுத்து தனி அடுக்கில், சுத்தக் கறுப்பில் இருந்தால் மொழி மாற்றுவது மலிவு. கறுப்பு வானத்தில் வெள்ளை எழுத்து, நிற எழுத்து, படத்துக்குள் வரைந்த கடைப்பலகை எல்லாமே தட்டுகளைப் புதிதாகச் செய்யவைக்கும். அயல் பதிப்பாளர் அந்தச் செலவைக் கண்டு பின்வாங்குவதுண்டு. எழுத்துக்கு விடும் இடத்திலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விடுங்கள், சில மொழிகள் நீளும்.

ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு காலம்?

நிறைவுப் படங்களுக்கு மட்டும் ஆறு மாதத்தைச் சுற்றி. ஒப்பந்தத்திலிருந்து புத்தகம் கையில் வருவதற்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் என்று எதிர்பார்க்கலாம். அட்டைப்படத்தை விற்பனைப் பட்டியலுக்காக முன்கூட்டியே கேட்பார்கள். உள்படங்கள் பாதிகூட முடியாத நேரத்தில் அது வந்து நிற்கும்.

முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வரிசையாக வரையாதீர்கள். கை பழகுவது நான்காவது ஐந்தாவது படத்தில்தான்; அவசரம் தொடங்குவது கடைசி மூன்றில். வரிசைப்படி போனால் தொடக்கம் தயக்கமாகவும் முடிவு அரைவேக்காடாகவும் இருக்கும், வாசகர் நினைவில் நிற்பவையும் அவையே. நடுவில் இருக்கும் சுலபமான படம் ஒன்றில் தொடங்குங்கள்.

பதிப்பகத்துக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்?

ஒரு பக்கக் கடிதம். பக்கப் பிரிப்பு குறித்த முழுக்கதை. பென்சில் டம்மியின் பிடிஎஃப். இரண்டு அல்லது மூன்று இரட்டைப்பக்கங்கள் மட்டும் முழு வண்ணத்தில். எல்லாப் படங்களையும் முடித்து அனுப்பினால் பதிப்பாசிரியருக்கு இரண்டே வழி: அப்படியே ஏற்பது, அல்லது மறுப்பது. இரண்டாவதுதான் சுலபம். அனுப்புவதற்கு முன் அந்தப் பதிப்பகத்தின் விதிகளைப் படியுங்கள்.

தனியாக ஓவிய வேலை கேட்பதென்றால் 10–12 படங்கள் போதும். ஒரே பாத்திரம் மூன்று வெவ்வேறு காட்சிகளில் இருக்கட்டும், அதைத்தான் முதலில் தேடுவார்கள். ஓடும் குழந்தைகள், ஒரு கூட்டம், ஒரு வீட்டின் உட்புறம், ஓர் இரவு, இரண்டு கறுப்புவெள்ளை. கண்ணைப் பார்த்துச் சிரிக்கும் ஒற்றை முகங்கள் பத்து இருந்தும் பயனில்லை.

யோசனையைத் திருடிவிட மாட்டார்களா?

யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய வடிவத்துக்கும் வரைந்த படத்துக்கும்தான். பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் (1886) சேர்ந்த நாடுகளில் பதிவு செய்யாமலே அந்த உரிமை பிறந்துவிடும். படைத்தவர் ஆயுளும் அதன் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும். தேதியிட்ட டம்மிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ராயல்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ராயல்டி என்பது விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் படைத்தவருக்கு வரும் சதவீதம். எழுத்தாளரும் ஓவியரும் வேறு வேறு ஆள் என்றால் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரே ஆள் என்றால் முழுதும் அவருக்கு. எழுத்தாளர் விகிதத்தை மட்டும் சொல்லி, படத்துக்குத் தனியாக ஒரு சிறு தொகை என்று பேச்சு வந்தால் இதை நினைவுபடுத்துங்கள்.

சதவீதத்தைவிட அது எதன்மேல் என்பது முக்கியம். புத்தக விலை 100 என்று வைத்துக்கொள்வோம். விலையில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 10. "நிகர வரவில் 10 சதவீதம்" (கழிவு போகப் பதிப்பகத்துக்கு வரும் பணத்தில்) என்று எழுதியிருந்து, கடைக்கு 50 சதவீதக் கழிவில் புத்தகம் போனால், பிரதிக்கு 5. ஒரே எண், பாதிப் பணம்.

முன்பணம் என்பது வரப்போகும் ராயல்டியின் முன்கூட்டிய பகுதி. பிரதிக்கு 10, முன்பணம் 20,000 என்றால் முதல் 2,000 பிரதிகளுக்கு வேறு பணம் வராது. 2,001-ல் இருந்துதான் எண்ணிக்கை ஓடும். கையெழுத்திட்டபோது, பென்சில் படங்கள் ஏற்கப்பட்டபோது, நிறைவுப் படங்கள் கொடுத்தபோது என்று மூன்றாகப் பிரித்துத் தருவது வழக்கம். "புத்தகம் வெளியானபோது" என்ற நான்காவது தவணை நுழைந்தால் எதிர்த்துப் பேசுங்கள், வெளியீட்டுத் தேதி உங்கள் கையில் இல்லை.

ஒப்பந்தத்தில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை?

உரிமையை விற்கிறீர்களா, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி தருகிறீர்களா? இரண்டாவதாக இருக்கட்டும். மூலப்படங்கள் உங்களுடையவை என்றும், எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். திருத்தம் எத்தனை சுற்று? பென்சிலில் ஏற்ற படத்தை வண்ணத்தில் மாற்றச் சொன்னால் தனிக்கட்டணம் என்று ஒரு வரி சேருங்கள். பதிப்பகம் திட்டத்தைக் கைவிட்டால் அதுவரை செய்த வேலைக்கு என்ன கிடைக்கும்? விற்பனை குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இறங்கினால் உரிமை தானாகத் திரும்ப வேண்டும். மின்னூலையும் கணக்கில் சேர்த்து "அச்சில் உள்ளது" என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியாதபடி அந்த வரி இருக்க வேண்டும். படங்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுப்பதா என்பதும் இப்போது தனி வரியாக வேண்டும்.

பொம்மை, சட்டை, திரைப்படம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்தானே?

பிறகு பார்க்கும்போது அது வேறொருவருடையதாக இருக்கும். தானே எழுதி வரைந்த இங்கிலாந்துக்காரர் பீட்ரிக்ஸ் பாட்டர், தன் பீட்டர் ராபிட் முயல் கதையைப் பதிப்பகங்கள் மறுத்ததால் 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902-ல் ஒரு பதிப்பகம் ஏற்று வெளியிட்டது. 1903-லேயே அந்த முயலைப் பொம்மையாகச் செய்து காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டார். வரைந்த பாத்திரம் வரைந்தவரின் சொத்து என்பது அன்றே அவருக்குத் தெரிந்திருந்தது. பயன்படுத்தத் தெரியாத உரிமைகளைப் பதிப்பகத்திடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியப் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். டம்மியைப் பார்ப்பார்கள், சான்றிதழைப் பார்க்கமாட்டார்கள்.

விருதுகள், கண்காட்சிகள்?

குழந்தை இலக்கியத்துக்கான பன்னாட்டு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956 முதல் எழுத்தாளருக்கும் 1966 முதல் ஓவியருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரப்படுகிறது. இரண்டும் செய்பவருக்கென்று தனிப் பிரிவு இல்லை. தானே எழுதி வரைந்த அமெரிக்கர் மாரிஸ் சென்டாக்குக்கு 1970-ல் கிடைத்தது ஓவியர் பிரிவில்தான். 1964 முதல் இத்தாலியின் போலோன்யாவில் நடக்கும் குழந்தைப் புத்தகக் கண்காட்சி, உரிமைகளை வாங்கி விற்கும் சந்தை. அங்குள்ள ஓவியர் கண்காட்சிக்கு ஒரே தொடராக ஐந்து படங்களை அனுப்பலாம். புதியவர்களுக்கு விருதைவிட இது பயன்படும் வாசல்.

பள்ளிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

கட்டணம் சொல்லுங்கள், பலருக்கு ராயல்டியைவிட இது ஒழுங்காக வரும் வருமானம். 45 நிமிடத்தில் வாசிப்பு பத்தைத் தாண்ட வேண்டாம். பெரிய தாளில், தடித்த பேனாவால், குழந்தைகள் சொல்லச் சொல்ல ஒரு மிருகத்தை வரையுங்கள். பென்சில் பின்வரிசைக்குத் தெரியாது. பாழான படங்களையும் வெட்டி ஒட்டிய டம்மியையும் கொண்டுபோங்கள், முடிந்த படங்களைவிட அவற்றைத்தான் அதிகம் கேட்பார்கள்.

புத்தகம் அச்சில் இல்லாமல் போய்விட்டது. இனி?

ஒப்பந்தப்படி உரிமையைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். பதில் வந்ததும் அச்சுக்குப் போன இறுதிக் கோப்புகளையும் கேளுங்கள். பக்க வடிவமைப்பும் எழுத்துருவும் பதிப்பகத்தின் சொத்தாக இருக்கலாம். படமும் கதையும் உங்களுடையவை. எழுத்தைத் தனி அடுக்கில் வைத்திருந்தால் வேறு பதிப்பகத்துக்குப் புதிய வடிவமைப்பில் கொடுப்பது சில நாள் வேலை. மூலப்படங்களை அமிலமற்ற தாள் இடையிட்டு, படுக்கை வசத்தில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஸ்கேன்களை இரண்டு வட்டுகளில், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில்.